போலீஸை வேலை செய்ய விடாம தடுத்தான்னு கேஸ் போட்டா ஜெயிலா?

கேள்வி: வக்கீல் சார், போன வாரம் எங்க ஊர் பைபாஸ்ல வண்டி செக்கிங் நடந்துச்சு. தம்பி ஹெல்மெட் போடல, ஃபைன் கட்டுறேன்னு தான் சொல்லிருக்கான். ஆனா பக்கத்துல ஒரு பெரியவர ஏட்டு ஒருத்தர் கண்டபடி திட்டுனத பாத்துட்டு செல்போன்ல வீடியோ எடுத்துட்டான். அவ்வளவு தான், போனை பிடுங்கிட்டு ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போய் "அரசு ஊழியரை பணி செய்ய விடாமல் தடுத்தார்"னு கேஸ் எழுதிட்டாங்க. குரூப் 4க்கு படிச்சிட்டு இருக்கிற பையன் சார். ஜெயிலுக்கு போகணுமா, வேலை கிடைக்காம போயிடுமா? வீட்ல யாரும் தூங்கல.
(வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: முதல்ல ஒரு வேலை பண்ணுங்கம்மா, எஃப்.ஐ.ஆர் காப்பிய கையில வாங்கி அதுல எந்த செக்‌ஷன் போட்டிருக்குன்னு பாருங்க. பேப்பர்ல வர்ற "பணி செய்ய விடாமல் தடுத்தல்"ங்கிற அந்த ஒரே வரிக்குள்ள ரெண்டு வேற வேற கேஸ் இருக்கு, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பி.என்.எஸ்ங்கிற புது குற்றச் சட்டத்துல 221னு இருந்தா (2024 ஜூலை 1க்கு முன்னாடி, பழைய சட்டமான ஐ.பி.சி-ல 186) அது சும்மா தடுத்ததுக்கான செக்‌ஷன். அதிகபட்சம் 3 மாசம், இல்லன்னா 2500 ரூபாய் வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். பெயில் உரிமையாவே கிடைக்கும். 132னு இருந்தா (பழைய 353) அது போலீஸ் மேல கைய வெச்சதா, இல்ல வைக்கப் போற மாதிரி மிரட்டுனதா சொல்றது. 2 வருஷம் வரைக்கும், ஜாமீன்ல விட முடியாத குற்றம், அதாவது ஸ்டேஷன்லயே விட்டாகணும்னு கட்டாயம் இல்ல, கோர்ட்டுக்கு தான் போகணும். அப்படி இருந்தா இன்னைக்கே முன்ஜாமீனுக்கு ஏற்பாடு பண்ணுங்க. ஆனா 7 வருஷத்துக்கு உட்பட்ட குற்றம்கிறதால எடுத்தவுடனே கைது பண்ணியே ஆகணும்னு இல்ல, நோட்டீஸ் குடுத்து விசாரிக்கலாம், 2014லயே சுப்ரீம் கோர்ட் இத கண்டிப்பா சொல்லிடுச்சு. நோட்டீஸ் வந்தா தம்பி தவறாம ஆஜராகட்டும், போகாம இருந்தா அதையே காரணம் காட்டி தூக்குவாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 221ல கேஸ் நிக்கணும்னா தடுக்கப்பட்ட அந்த அதிகாரியோ அவருக்கு மேல உள்ளவரோ கோர்ட்டுக்கே எழுத்துல புகார் குடுக்கணும், வெறும் எஃப்.ஐ.ஆர், சார்ஜ் ஷீட்ட வெச்சு மாஜிஸ்திரேட் கேஸை கையில எடுக்க முடியாது, அதுவும் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள. 132க்கு இந்த தொல்லையே கிடையாது. அதனால தான் சின்ன வாக்குவாதம்னாக்கூட 132ஐ சேர்த்து விட்டுடறாங்கன்னு நான் நினைக்கிறேன், கூடவே ஆபாசமா பேசுனான், கொலை மிரட்டல்னு ரெண்டு. ஆனா வாய் வார்த்தை மட்டும் தாக்குதல் ஆகாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. சட்டைய பிடிச்சிருக்கணும், தள்ளியிருக்கணும், லத்திய பிடுங்கியிருக்கணும், குறைஞ்சது கல்ல ஓங்கியாவது இருக்கணும். பெங்களூர்ல ஒரு தம்பதி டிராஃபிக் போலீஸோட ஃபேஸ்புக் பக்கத்துல திட்டி எழுதுனதுக்கு 353 போட்டாங்க, 2015ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு. 2025 ஜனவரியில உ.பி. கேஸ் ஒண்ணுலயும் எஃப்.ஐ.ஆர்ல தாக்குனதா ஒரு வார்த்தையும் இல்லன்னு சொல்லி ரத்து பண்ணாங்க. தம்பி எஃப்.ஐ.ஆர்லயும் "தடுத்தார், இடையூறு செய்தார்"னு மட்டும் இருந்தா ஹைகோர்ட் மதுரை கிளையில ரத்து மனு போட நல்ல அடிப்படை இருக்கு.

அதுக்காக கை படலைன்னா தப்பே இல்லன்னும் நெனச்சுடாதீங்க, 186க்கு உடல் பலம் தேவையில்லன்னு 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அந்த கேஸ் யார் மேல தெரியுமா? சம்மன் குடுக்க வந்த கோர்ட் ஊழியர வேலை செய்ய விடலைன்னு டெல்லியில ஒரு போலீஸ் அதிகாரி மேலயே!

வேலை விஷயம்: கேஸ் இருக்குன்னா அப்ளிகேஷன்ல மறைக்காம எழுதச் சொல்லுங்க. மறைச்சது தெரிஞ்சா அதுவே வேலைய பறிச்சிடும். உண்மைய எழுதுனா, இது சின்ன கேஸா இல்லையான்னு பாத்து முடிவு பண்ற இடம் வேலைக்கு எடுக்குறவங்களுக்கு இருக்கு. போலீஸ் வேலைக்கு மட்டும் விதி ரொம்ப கறார்.

கேள்வி: அப்போ வீடியோ எடுத்ததே தப்பா சார்? போனை எப்படி வாங்குறது?
(அதே வாசகி)

பதில்: ரோட்டுல வேலை பாக்குற போலீஸ வீடியோ எடுக்கக் கூடாதுன்னு பொதுவா ஒரு சட்டம் கிடையாது. ஸ்டேஷனே கூட ரகசிய காப்புச் சட்டத்துல சொல்ற தடை செய்யப்பட்ட இடம் இல்லன்னு 2022ல பாம்பே ஹைகோர்ட் சொல்லிடுச்சு. ஆனா முகத்துக்கு நேரா போனை நீட்டி வழி மறிச்சா அது தடுத்ததா ஆகலாம், தள்ளி நின்னு எடுத்தா அப்படி இல்ல. தம்பி எவ்வளவு தூரத்துல நின்னான்னு வக்கீல் கிட்ட சரியா சொல்லச் சொல்லுங்க. போனை கைப்பற்றுனா மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்கணும், தெரிவிச்சாங்களான்னு கோர்ட்ல விசாரிங்க, திருப்பிக் கேட்டு அங்கேயே மனு போடலாம். மனுவுல "வீடியோவ அழிக்காம வெச்சிருக்கணும்"னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க, நாளைக்கு உங்க பக்க சாட்சியே அது தான்.