ரேட் கார்டை அப்புறம் அனுப்பலாம்

கேள்வி: சின்னக் கடைகளுக்கு ஆன்லைன் மார்க்கெட்டிங் செய்து கொடுக்கிறேன். வியாபாரிகள் இருக்கும் ஆறேழு வாட்ஸ்அப் குரூப்களில் சேர்ந்து, அங்கே தெரிந்த எண்களுக்கெல்லாம் ரேட் கார்டு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு குரூப்பில் அட்மின் என்னைத் தூக்கியேவிட்டார். நான் என்ன தப்பு செய்தேன்?
- வாசகர், வேளச்சேரி

பதில்: குரூப்பில் ஒருவருடைய எண் தெரிகிறது என்பதற்காக அவர் அதை உங்களிடம் கொடுத்ததாக ஆகிவிடாது. ரங்கநாதன் தெருவில் நடக்கும்போது கையில் நோட்டீஸைத் திணிக்கிறார்களே, அதில் எத்தனையை நீங்கள் படித்திருப்பீர்கள்? அறிமுகமே இல்லாதவரிடமிருந்து வரும் ரேட் கார்டும் அப்படித்தான்.

ஒரே மெசேஜை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் இருக்கும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் மெசேஜ் போகும். அப்படியென்றால், அவர் உங்கள் பெயரைச் சேமித்து வைக்கிற மாதிரி நீங்கள் முதலில் ஏதாவது செய்திருக்க வேண்டும், இல்லையா? இதை விட்டுவிட்டு ஒவ்வொருவருக்காக அனுப்பிக்கொண்டே போனால், நிறையப் பேர் பிளாக் செய்து புகார் கொடுக்க, வாட்ஸ்அப் உங்கள் கணக்கையே முடக்கக்கூடும். உங்கள் பழைய வாடிக்கையாளர்களும் அதே எண்ணில்தானே இருக்கிறார்கள்!

சரி, என்ன அனுப்பலாம்? ஒரே ஒரு கடையை எடுத்து, கூகுள் மேப்ஸில் அது எப்படித் தெரிகிறது என்று பொறுமையாகப் பாருங்கள். நேரம் தப்பாக இருக்கும், போன் எண் பழசாக இருக்கும், யாரோ போட்ட மங்கலான போட்டோ முன்னால் நிற்கும். அதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள்: "வணக்கம் சார், நம்ம குரூப்ல உங்க எண்ணைப் பார்த்தேன். மேப்ஸ்ல உங்க கடை ஞாயிறு லீவுன்னு காட்டுது, ஆனா போன ஞாயிறு நான் வந்தப்போ திறந்திருந்தது. மாத்திடுங்க சார், வர்றவங்க திரும்பிப் போயிடப் போறாங்க." அவ்வளவுதான், விலை வேண்டாம், லிங்க் வேண்டாம். எப்படி மாற்றுவது என்று அவர் கேட்டால் காசு வாங்காமல் சொல்லிக் கொடுங்கள். நான் பார்த்தவரை வேலை இப்படித்தான் வருகிறது, மெதுவாக வருகிறது, ஆனால் நிற்கிறது.

தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னிலும் இதேதான். உங்கள் ரிக்வெஸ்ட்டை ஒருவர் ஏற்ற அடுத்த நிமிஷமே விலை பேசாதீர்கள்.

உங்களைத் தூக்கிய அட்மினுக்கு ஒரு வரியில் மன்னிப்பு கேட்டு அனுப்புங்கள், திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். அதையும் பகலிலேயே அனுப்பிவிடுங்கள், ராத்திரி கடை மூடுகிற நேரத்தில் அவர் கல்லாவை எண்ணிக்கொண்டிருப்பார்.