காசு கொடுத்த இடத்தைச் சும்மா விடலாமா? அச்சு விளம்பரக் கேள்வி பதில்

மட்டக்களப்பில் ஓர் அச்சகத்தில் டிசைன் செய்கிறேன். நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம் பற்றிக் கேளுங்கள்.

காத்தான்குடி: முழுவதும் கறுப்பு, வெள்ளையில் சின்ன எழுத்து. கம்பியூட்டரில் வடிவாக இருந்தது, பத்திரிகையில் வாசிக்க முடியவில்லை. ஏன்?

பத்திரிகைத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். நாலு பக்கமும் இருந்து கறுப்பு வெள்ளைக்குள் ஏறும். நம் எழுத்தில் சுழியும் புள்ளியும் அதிகம். ‘ணை’யின் சுழி அடைபடும், புள்ளி போனால் ‘பட்டு’ ‘படடு’ ஆகும். அந்தக் கறுப்பை நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையும் கலந்து போட்டிருந்தால், அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தோரத்தில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். சின்ன எழுத்து என்றால் வெள்ளைத் தாள், தனிக் கறுப்பு மை. தலைப்பை மட்டும் தடித்த வெள்ளையில் விடலாம்.

கல்முனை: எங்களுடையது மருதமுனைச் சாரன் விற்கும் கடை. கால் பக்க விளம்பரத்தில் பாதியை வெறுமையாக விட்டேன். “காசு கொடுத்த இடம்” என்று வாப்பா ஏசுகிறார்.

1959இல் வொக்ஸ்வாகனுக்கு டொயில் டேன் பேர்ன்பாக் நிறுவனம் செய்த விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள் தம்பி. வெறும் பக்கத்தின் மேல் மூலையில் ஒரு குட்டிக் கார். கார் சிறியது என்பதே அங்கே செய்தி. அதைச் சொன்னது அந்த வெறுமை. உங்கள் வெறுமை என்ன சொல்கிறது? சாரனின் கரையை, நெசவு தெரியும்படி கிட்டப் படமெடுத்துப் பெரிதாகப் போடுங்கள். பக்கத்தில் விலை. மிச்சமெல்லாம் சின்னது. பிறகு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முதலில் தெரிவது சாரன்தானா?

ஏறாவூர்: குறுக்கே வருகிறேன் அண்ணன். வெறுமையாக விட்டால் கடையில் சாமான் இல்லை என்றுதான் சனம் நினைக்கும்.

பலசரக்குக் கடைக்கு அது உண்மை. நெருக்கமாக அடுக்கிய நோட்டீஸே ‘இங்கே மலிவு’ என்று சொல்லிவிடும். ஆனால் நெருக்கத்துக்கும் முறை உண்டு. பருப்புப் படத்துக்கும் பருப்பு விலைக்கும் உள்ள இடைவெளியை விட, பருப்புக்கும் சீனிக்கும் இடைவெளி கூட வேண்டும். இல்லாவிட்டால் சீனி விலையைப் பருப்பு விலை என்று சண்டைக்கு வருவார்கள். பார்த்திருக்கிறேன்.

கல்முனை: அப்ப வாப்பா சொன்னது சரியா?

பலசரக்கு விற்றால் சரி.

ஏறாவூர்: சாரன் வாங்குகிறவனும் விலைதானே பார்ப்பான்?

பார்ப்பான். துணி பிடித்த பிறகு. அரிசிக்கு அப்படியில்லை.

அக்கரைப்பற்று: வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் மங்கலாக அச்சானது.

டொக்குமென்டாக அனுப்புங்கள். ஏ4 முழுக்க 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், வர 2480க்கு 3508 பிக்சல் வேண்டும்.

களுவாஞ்சிகுடி: பாமினி எழுத்துருவில் அடித்தது அச்சகத்தில் ஆங்கில எழுத்தாக வருகிறது.

அவர்களிடம் பாமினி இல்லை. எழுத்துருவையும் பதித்து பிடிஎப் ஆக்கிக் கொடுங்கள்.

திருக்கோவில்: டியூசன் நோட்டீஸ் பத்திரிகைத் தாளில்தான். கறுப்பில் வெள்ளைச் சின்ன எழுத்து எடுப்பாக இருக்குமா?

காத்தான்குடிக்குச் சொன்னதை வாசியுங்கள் தங்கச்சி.

செங்கலடி: கருநீலத்தில் வெள்ளை?

நீலமும் மைதான் ஐயா.