தோட்டத்தில் கிடைக்கும் பச்சை மரத்தில் பொம்மை செதுக்கினால் வெடித்துவிடுகிறது. எந்த மரம் எடுக்கலாம், எப்படிக் காயவைப்பது?

நான் மலேசியாவின் பந்திங் ஊர்க்காரன். மறுநடவுக்குச் சாய்த்த பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், முதலில் அது.

பால்மரம் செதுக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். சாய்த்த சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்துக் கருநீலக் கறை ஓடும், பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைகள் இதற்காகவே பலகைக்குப் போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்துகின்றன. நமக்கு அது நடக்காது. வெட்டிய அன்றே செதுக்கி முடிப்பதானால் எடுங்கள். பால் இருப்பது பட்டையில், ஆகவே பட்டையை முதலில் சீவி எறியுங்கள், இல்லாவிட்டால் கத்தி பிசுபிசுக்கும். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பக்கமே போகாதீர்கள். தென்னை மாதிரி அதுவும் நார்க்கட்டு, நுண்ணிய வேலை நிற்காது.

என் ஓட்டு கொய்யாவுக்கு. வீட்டுக்கு வீடு கழிக்கும் கிளை, கேட்டால் யாரும் கொடுப்பார்கள். சின்ன வயசில் பம்பரமும் லாஸ்திக் கவையும் (உண்டிவில்) கொய்யாவில்தானே செய்தோம்? அடுத்தது பலா. உள்மரமான வைரம் மஞ்சள், நாளாக ஆகப் பழுப்பேறும். மிருதங்கக் கட்டையே பலாதான். ஆற்றோரத்து ரெங்காஸ் மரம் மட்டும் வேண்டாம். அதன் சாறு பட்டால் தோல் கொப்பளித்துவிடும். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் மரம் எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டப்படி குற்றம். தோட்டத்துக் கட்டைக்கும் தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி வெடிப்பு. ஈரம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் மரம் சுருங்கவே தொடங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. சுற்றுவட்டத்தில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. கிளையை உருண்டையாகவே வைத்துச் செதுக்கினால் இந்த இழுபறியில் எங்கேயாவது பிளந்தே தீரும். அதனால் கட்டையைப் பாராங் கத்தியால் நடுவே பிளந்து, மையத்தில் மென்மையாக இருக்கும் நடுச்சோற்றைச் சீவி எடுத்துவிட்டுத்தான் நான் உருவத்தையே யோசிப்பேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஆந்தை. எலியைப் பிடிக்க நம் செம்பனைத் தோட்டங்களில் கூடு கட்டி வைத்து வளர்க்கிறார்களே, அந்தக் கூகை. முகம் இதய வடிவம் என்பதால் வேலை குறைவு. பிளந்த பாதியின் வளைந்த பக்கம் முன்புறம். பட்டையை உரித்துவிட்டு, மேலே இரண்டு சரிவு வெட்டு; இரண்டும் நடுவில் சந்திக்கும் மேடுதான் மூக்கு. வலது கை கத்தியைப் பிடித்திருக்க, இடது கட்டைவிரல் கத்தியின் முதுகைத் தள்ள வேண்டும். பச்சைக் கொய்யாவில் சீவல் சுருளாகச் சுருண்டு விழும்; பொடியாக உதிர்ந்தால் மரம் காய்ந்துவிட்டது அல்லது கத்தி மழுங்கிவிட்டது. கணு வந்தால் எதிர்ப்பக்கம் திருப்பிச் சீவுங்கள்.

பாதி வேலையில் எழுந்தால் ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போடலாம், ஒரு ராத்திரிக்கு மட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேல் பூஞ்சணம் வந்துவிடும். முடித்ததைச் சீவலோடு காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து, நிழலில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். வெட்டுமுனைகளில் மெழுகு தேய்த்தால் இன்னும் நல்லது. ஏர்கோன் அறைக்குள் நேராகக் கொண்டுபோகாதீர்கள். அந்த வறண்ட காற்றில் ஈரம் வேகமாக இறங்கிவிடும். உப்புத்தாள் போடுவது முழுக்கக் காய்ந்த பிறகுதான்.

எண்ணெய் என்றால் ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் உலராமல் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், ஆகவே விரித்துக் காயப்போடுங்கள்.

ஒருநாள் கேரித் தீவுக்கும் போய்வாருங்கள், இங்கிருந்து பக்கம்தான். அங்குள்ள மா மெரி பூர்வகுடி மக்கள் சதுப்புநில மரமான நிரே பத்துவில் சிலையும், எடை குறைந்த பூலாய் மரத்தில் முகமூடியும் செதுக்குகிறார்கள். ஒரே கட்டையில் சங்கிலி வளையங்களோடு குடைந்தெடுத்த புலி உருவத்தைக் கேட்டுப் பாருங்கள். விலை அதிகம்தான், பேரம் பேச எனக்கு மனசு வராது.