கழிவுநீர்க் கசடு கரியாகுமா?

கேள்வி: எங்கள் பகுதியில் தேங்காய்த் தொட்டியைச் சுட்டு, தண்ணீர் வடிகட்டிகளுக்கான ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிக்கிறார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் கசட்டிலிருந்தும் அதைத் தயாரிக்கலாம் என்கிறார்களே, உண்மையா? அதில் வடிகட்டிய தண்ணீரைக் குடிக்கலாமா?
- வாசகர், காங்கேயம்

பதில்: தயாரிக்கலாம். குடிநீருக்கு மட்டும் வேண்டாம் என்பதே என் கருத்து.

கசட்டின் திடப்பொருளில் கணிசமான பகுதி நுண்ணுயிர்களின் உடலும் அவை செரிக்காமல் விட்ட கரிமப் பொருளுமே என்பதால், அதை உலர்த்திக் காற்றுப் புகாத உலையில் 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கரி மிஞ்சுகிறது. அந்தக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டியோ, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் சுட்டோ அதனுள் நுண்துளைகளைத் திறந்துவிடுகிறார்கள். நீரில் கரைந்திருக்கும் சாயமும் பீனாலும் அத்துளைகளின் சுவர்களில்தான் ஒட்டிக்கொள்கின்றன.

சிக்கல் சாம்பலில் இருக்கிறது. இயந்திரத்தில் பிழிந்தெடுத்த ஒரு டன் கசட்டிலும் ஏறத்தாழ 800 கிலோ தண்ணீர்தான். எஞ்சும் 200 கிலோவில், செரிகலனில் (காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் கசட்டைச் செரிக்கும் மூடிய தொட்டியில்) எரிவாயு எடுத்த பிறகு வரும் கசடாக இருந்தால், பாதியளவு கரியாகாமல் சாம்பலாகவே மிஞ்சும் மணலும் களிமண்ணும் உப்புகளுமாக இருக்கக்கூடும். (கரியாக வேண்டிய கரிமத்தின் ஒரு பங்கு அங்கே முன்பே வாயுவாகிவிடுகிறது, எரிவாயுவையும் கரியையும் ஒருசேர முழுமையாகப் பெற வழியில்லை.) ஆகவே, தேங்காய்த் தொட்டிக் கரி கிராமுக்கு 1000 சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்புத் தரும்போது, நீராவியில் வாட்டிய கசட்டுக் கரி பெரும்பாலும் சில நூறு சதுர மீட்டரோடு நின்றுவிடுகிறது. வேதிப்பொருளில் சுட்டு அமிலத்தில் கழுவினால் 1000-ஐத் தொடலாம். ஆனால் அந்த அமிலக் கழிவை என்ன செய்வது என்ற கேள்வி புதிதாக முளைக்கும்.

குடிநீருக்கு ஏன் வேண்டாம் என்றால், சாக்கடையில் வந்து சேரும் துத்தநாகம், செம்பு, ஈயம், குரோமியம் ஆகியவை சுடும்போது பெரிதும் கரியிலேயே தங்கி, அமிலத்தன்மையுள்ள நீரில் மெல்லக் கசியக்கூடும். பாதரசமோ ஆவியாகிப் புகையோடு போய்விடுவதால், உலையின் புகைபோக்கியிலும் அதைப் பிடிக்க ஏற்பாடு வேண்டும். சாயக் கழிவுநீரைத் தெளிவிப்பதே இந்தக் கரிக்குப் பொருத்தமான வேலை. அதற்கும் உலோகக் கசிவைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

உங்கள் ஊர்த் தொழிலுக்கும் இதில் இடமுண்டு. செரித்த கசட்டுடன் தேங்காய் மட்டையைக் கலந்து சுட்டுச் சிங்கப்பூரில் ஆராய்ந்திருக்கிறார்கள். கரிமம் மிகுந்த தென்னைக் கழிவைச் சேர்ப்பது கசட்டின் சாம்பல் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது.