பல் பிடுங்கின பிறகு எலும்பு என்ன ஆகிறது? இம்பிளான்ட் கேள்விகளுக்குப் பதில்

ஈறு சிகிச்சையும் இம்பிளான்ட்டும்தான் (போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் டைட்டேனியம் வேர்) என் வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டாக்டர், கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி ஒரு வருஷம் ஆச்சு. இப்போ இம்பிளான்ட் கேட்டா, எலும்பு கரைஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. புண் நல்லா ஆறிடுச்சே, எலும்பு ஏன் கரையணும்?

புண் ஆறும்போதேதான் எலும்பும் கரைகிறது. பல் உட்கார்ந்திருக்கும் குழியின் உள்பக்க எலும்பு பல்லை நம்பி இருப்பது. பல் போனால் அதுவும் போய்விடும். பிரேசிலின் அராவுஜோவும் ஸ்வீடனின் லிண்டேயும் நாய்களுக்குப் பல்லை எடுத்துவிட்டு 1, 2, 4, 8 வாரங்களில் அந்தக் குழியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 2005இல் வெளியான ஆய்வு அது. 8ஆவது வாரத்தில் கன்னப்பக்கச் சுவர், நாக்குப்பக்கச் சுவரைவிட ஏறத்தாழ 2 மி.மீ. தாழ்ந்திருந்தது. கன்னப்பக்கச் சுவர் மெல்லியது. அதன் விளிம்பு முழுக்கப் பல்லை நம்பிய எலும்புதான்.

மனிதர்களில்? டென்மார்க்கில் 46 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து, 2003இல் வெளியிட்டார்கள். பல் இருந்த இடத்து எலும்பு மேட்டின் அகலம் சராசரியாக 12 மி.மீ.யிலிருந்து 5.9 மி.மீ. ஆனது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே. 'முதல்ல ஆறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. பல்லை எடுப்பதற்கு முன்பே 'இந்த இடத்துக்கு அப்புறம் என்ன செய்யப்போகிறோம்?' என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்போ பிடுங்கின அன்னைக்கே இம்பிளான்ட் வெச்சா எலும்பு தப்பிச்சிடுமா?

தப்பாது. அதையும் நாய்களில் செய்து பார்த்தார்கள். இம்பிளான்ட் இருந்தும் கன்னப்பக்கச் சுவர் தாழத்தான் செய்தது. குழியில் எலும்புத்துகள் நிரப்பினால் இழப்பு குறையும், முழுதாக நிற்காது. அன்றே வைப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, இது காரணமில்லை.

கேள்வி: நாய்க்கும் முயலுக்கும் சரியாப்போனது நமக்கும் சரியாகுமா மேடம்?

எலும்பு எப்படி ஆறுகிறது என்பதை விலங்கு காட்டும். எத்தனை வாரத்தில் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய எலும்பை அரித்துப் புதியதைக் கட்டும் ஒரு சுற்று முடிய முயலுக்குச் சுமார் 6 வாரம், நாய்க்கு 12, நமக்கு 17. போதாததற்கு, ஆய்வு நாய் இளசு, ஆரோக்கியமானது, பீடி பிடிக்காது, சர்க்கரையும் இல்லை. இம்பிளான்ட்டுக்கு வழி போட்ட ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனமார்க் 1950களில் முயல் எலும்பில் பொருத்திய டைட்டேனியம் எலும்போடு பிடித்துக்கொண்டு கழற்ற வராமல் போனதைக் கவனித்தார். நாய்களில் சோதித்த பிறகு, 1965இல்தான் ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். தம் நோயாளிகளின் 10 வருஷ அனுபவத்தை 1977இல் வெளியிட்டார். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். 'இத்தனை வாரத்தில் ஒட்டிவிடும்' என்று யாராவது சொன்னால், யாருடைய தாடையில் என்று கேளுங்கள்.

கேள்வி: குழியில நிரப்ப மாட்டெலும்பு வைப்பாங்களாமே? எங்க வீட்ல சுத்த சைவம்.

ஆமாம், உலகம் முழுக்க அதிகம் பயன்படுவதில் அது ஒன்று. புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நீக்கி, தாது மட்டும் மிஞ்சிய துகள். நம் எலும்பு அதன்மேல் ஏறி வளரும். துகள் வருஷக்கணக்கில் கரையாமல் இருக்கும், இடத்தைத் தாங்குவதற்கு அதுவே உதவி. வேண்டாமென்றால் உங்கள் தாடையிலிருந்தே எடுக்கலாம் (இன்னொரு இடத்தில் புண் படும்), அல்லது செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் இருக்கிறது. எது வைக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை. கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு எலும்பு பலவீனத்துக்கு வருஷம் ஒரு ஊசி. இம்பிளான்ட் வைக்கலாமா?

எலும்பு கரைவதைத் தடுக்கும் ஊசிகளால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும்படி ஆகலாம். புற்றுநோய்க்கு அதிக அளவில் போடுபவர்களுக்கு ஆபத்து அதிகம். எலும்பு பலவீனத்துக்குப் போடுபவர்களுக்கு மிகக் குறைவு. ஊசியின் பெயர், எத்தனை வருஷமாகப் போடுகிறார்கள் என்பதை எழுதி எடுத்துப் போங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஊசி போடும் டாக்டரும் பல் டாக்டரும் பேசிக்கொள்ளட்டும்.