அப்பா கீமோ வேண்டாம் என்கிறார், கட்டாயப்படுத்தலாமா?

கட்டாயப்படுத்தாதீர்கள். 78 வயது, கணையப் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் கீமோ சில மாதங்களைக் கூட்டலாம், நோயைத் தீர்க்காது. தெளிந்த புத்தியோடு வேண்டாம் என்று சொல்வது அவர் உரிமை. உச்ச நீதிமன்றமும் 2018-இல் அதை ஏற்றிருக்கிறது.

அவர் செலவை நினைத்தும் மறுத்திருக்கலாம். என் அம்மா "எனக்கெதுக்குடா இனிமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தலையணைக்கு அடியில் பேத்தியின் காலேஜ் ஃபீஸ் ரசீதை மடித்து வைத்திருந்தார்.

அதனால் கூட்டம் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "கீமோ மட்டும் வேண்டாமாப்பா, வலிக்கு மருந்தும் வேண்டாமா?" இரண்டும் வேறு வேறு. என் அம்மா வலி மருந்துக்கு உடனே சரி என்று தலையாட்டினார்.

பாலியேட்டிவ் கேர் (வலி, அவதியைக் குறைக்கும் சிகிச்சை) டாக்டரை இப்போதே பாருங்கள், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும். அதற்கும் மருந்து சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாடு என்றால், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: திடீரென ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினால், அப்போது சொல்லும் "வேண்டாம்" கணக்கில் சேராது. கிருமித்தொற்றோ ரத்தத்தில் உப்புக் குறைவோ இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.