ஊனச் சதவீதம் குறைத்துப் போடப்பட்டால் என்ன செய்வது?

கேள்வி: 2024 மார்ச்சில் பவர் பிரஸ்ஸில் சிக்கி என் வலக்கை ஆள்காட்டி விரலின் நுனிக் கணு துண்டானது. புண் சீழ் பிடித்ததால், மறு அறுவைச் சிகிச்சையில் அடுத்த கணுவையும் எடுத்துவிட்டார்கள். இ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டு 9 சதவீதம் என்று முடிவு செய்திருக்கிறது. தினக்கூலி சராசரி 600 ரூபாய். இதை எதிர்க்க முடியுமா? தொழிலாளர் துறையில் தனியாக இழப்பீடு கேட்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எதிர்க்கலாம், அதற்கு வலுவான காரணமும் உங்களிடம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் 9, இரண்டு கணுக்கள் போனால் 11, முழு விரலும் போனால் 14 சதவீதம் வருவாய் ஈட்டும் திறன் இழப்பாகும். வலக்கையா இடக்கையா என்று அட்டவணை வேறுபாடு காட்டுவதில்லை என்பதால், அந்த வாதத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். உங்களுக்கு 9 போட்டிருப்பதைப் பார்த்தால், முதல் அறுவைச் சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே போர்டின் கண்ணில் பட்டிருக்குமோ என்று தோன்றுகிறது. இரண்டாவது அறுவைச் சிகிச்சையின் குறிப்புகளையும், எலும்பு எந்த இடத்தில் முடிகிறது என்று காட்டும் புதிய எக்ஸ்ரேயையும் இணைப்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்.

இரண்டு சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நிரந்தர ஊனத்துக்கு இ.எஸ்.ஐ. தரும் பயன் (உதவித்தொகை) கூலியில் 90 சதவீதத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்களுக்கு அந்த 540 ரூபாயில், 9 சதவீதத்துக்கு நாளொன்றுக்கு 48.60 ரூபாயும் 11 சதவீதத்துக்கு 59.40 ரூபாயும் வரும். இந்த 10.80 ரூபாய் வித்தியாசம் ஆயுள் முழுக்கத் தொடரும்.

சட்டத்தின் 54ஏ பிரிவின்படி, மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், அங்கும் திருப்தி இல்லையென்றால் தொழிலாளர் ஈட்டுறுதி நீதிமன்றத்துக்குப் போகலாம். நேரடியாகவே நீதிமன்றத்தை நாடவும் வழியுண்டு. உங்களுடையது எக்ஸ்ரே பார்த்தாலே தீர்ந்துவிடக்கூடிய தகராறு என்பதால், மருத்துவர் இடம்பெறும் தீர்ப்பாயத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். போர்டின் முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். கடிதம் வந்த உறையை அஞ்சல் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.

மாதாமாதம் வரும் தொகையை வாங்கிக்கொள்வதால் மேல்முறையீட்டு உரிமை போய்விடாது. ஆனால் அந்த முடிவை ஏற்று, பயனை ஒரே தொகையாக மாற்றித் தரும்படி விண்ணப்பித்துப் பணத்தையும் பெற்றுக்கொண்டவருக்கு, அதன் பிறகு மேல்முறையீடு கிடையாது. நாளொன்றுக்கான பயன் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கே அந்த வசதி உண்டு என்பதால் உங்களுக்கு அது பொருந்தாது. ஆயினும், கையெழுத்துக் கேட்கும் எந்தப் படிவத்தையும் படித்துப் பாருங்கள்.

தொழிலாளர் துறையில் தனி இழப்பீடு கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. பயன் பெற உரிமையுள்ளவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் இழப்பீடு கோருவதை 53-ஆம் பிரிவு தடுக்கிறது.